ஒற்றை விசில்

ரைட்டு தன் வாழ்நாளில் கால்பந்தை உதைக்கப் போனது ஒரே ஒரு தடவைதான். பள்ளியில் படித்தபோது ஒரு நாள் ஆள் குறைகிறது என்று வேறு வழியில்லாமல் அவரை இறக்கினார்கள். பந்து தானாகவே காலடிக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒன்று விட்டார். கண்ணைத் திறந்து பார்த்தால் அவருடைய செருப்பு கோலுக்குள் கிடந்தது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. "செருப்பு உள்ள போனா கோல் உண்டா சார்?" என்று எதிரணிப் பையன் ஒருவன் விளையாட்டு வாத்தியாரிடம் கேட்டான். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் உண்மையாகவே சந்தேகம் கேட்டான்.

அன்றோடு மைதானத்துக்குள் கால் வைப்பதை விட்டார். மைதானத்தின் ஓரத்தை மட்டும் விடவில்லை. எங்கே நாலு பேர் பந்தை உருட்டினாலும் அங்கே போய் நின்றுவிடுவார். நிற்பது அவருக்குக் கைவந்த கலை. வேலையே அதுதான். அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். கம்பியைப் பிடிக்காமல், பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எந்த வளைவிலும் சாயாமல் நிற்பார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை "ரைட், ரைட்" என்று சொல்கிறாரோ தெரியாது, பெயரே ரைட்டு என்று ஆகிவிட்டது. யாராவது வீட்டு வாசலில் வந்து அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று மனைவியே திருப்பி அனுப்பிவிடுவார். அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

சட்டைப் பையில் கறுப்புக் கயிறு கட்டிய ஒரு விசில் எப்போதும் இருக்கும். பாதி நேரம் அது பையில் இருக்காது, வாயோரத்தில் இருக்கும். சிலர் பல் குத்தும் குச்சியை வைத்திருப்பதுபோல இவர் விசிலை வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். ஒற்றை விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும். இரட்டை விசில் கொடுத்தால் கிளம்ப வேண்டும். இந்த இரண்டை வைத்துக்கொண்டே அவரும் அவருடைய டிரைவரும் பல வருஷமாக வண்டியை ஓட்டி வந்தார்கள்.

டிரைவர் வேறு யாரும் இல்லை, மனைவியின் அண்ணன்தான். முதலில் ஒரே வண்டியில் வேலை, பிறகுதான் சொந்தம். நெரிசலில் ஒரு ஆள் சில்லறைக்காக ரைட்டுவின் சட்டையைப் பிடித்துக் கத்தியபோதும் இவர் சிரித்த முகத்தோடு நின்றதை டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இவ்வளவு கூட்டத்துலயே கோபப்படாம நிக்கிறான். என் தங்கச்சிகிட்டயும் நிப்பான்" என்று வீட்டில் போய்ச் சொன்னார். கல்யாணம் முடிந்தது. மச்சான் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு தங்கை வீட்டில் சாப்பிட்டார். கேட்டால், "ஸ்டீயரிங்கும் கோல் போஸ்ட்டும் இருக்கு, இதுல மூணாவதுக்கு எங்க நேரம்" என்பார்.

கோல் போஸ்ட் என்றது டிப்போ அணியின் கோல் போஸ்ட்டை. பஸ் டிப்போவில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த அணி அது. மெக்கானிக்குகள், கண்டக்டர்கள், டயர் பிரிவில் இருந்த இரண்டு பேர். அணியிலேயே வயது மூத்தவர் மச்சான்தான், அவர்தான் கோல்கீப்பர். வண்டி ஓட்டுகிற கை என்பதாலோ என்னவோ, பந்து எந்தப் பக்கம் வந்தாலும் கை முன்கூட்டியே அங்கே போய்விடும். பிடித்த பந்தைக் கையிலிருந்து மேலே போட்டு வலது காலால் ஓங்கி உதைத்தால் அது நடுக்கோட்டைத் தாண்டித்தான் தரையைப் பார்க்கும். அந்த உதையைப் பார்ப்பதற்காகவே ரைட்டு எப்போதும் அவருடைய கோலுக்குப் பின்னால் நிற்பார். தன் செருப்பு போன தூரத்தை நினைத்துக்கொள்வார்.

இந்த வருஷம்தான் டிப்போ அணி முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே மின்சார ஆபீஸ் அணி. டிப்போவின் டைம் கீப்பர்தான் அணிக்கு மேனேஜர். அவர் தன் அறையில் அலமாரியின் மேல்தட்டைத் துடைத்து, அங்கே இருந்த பழைய காலண்டர்களையும் மேசை விளக்கையும் எடுத்துவிட்டு, கோப்பைக்கு இடம் செய்து வைத்திருந்தார்.

ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஆளுக்கு ஒரு கோல். மின்சார ஆபீஸ்காரர்கள் உயரமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார்கள். மச்சான் எகிறி அதை இரண்டு கையாலும் பூப்போலப் பிடித்தார். ரைட்டுக்கு உச்சி குளிர்ந்தது. இனி ஒரு உதை, பந்து அந்தப் பக்கம், அங்கே நம் ஆள் இரண்டு பேர் சும்மா நிற்கிறார்கள், கோப்பை அலமாரியில். இவ்வளவும் அவர் மனதுக்குள் ஓடி முடிந்துவிட்டது.

மச்சான் பந்தை மேலே போட்டார். அதே நேரத்தில் எதிரணியின் நெட்டைக்கால் ஆட்டக்காரன் ஒருவன் மச்சானின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தான். மச்சான் அவனைப் பார்க்கவில்லை. ரைட்டு பார்த்தார். முன்னால் ஒருவர் கிளம்பப் போகிறார், பின்னால் ஒருவன் கையை வீசிக்கொண்டு ஓடி வருகிறான். இதை அவர் ஒரு நாளைக்கு நூறு தடவை பார்க்கிறார். ஓடி வருகிறவரை விட்டுவிட்டுப் போனால் பாவம் இல்லையா. வாயோரத்தில் இருந்த விசில் நடுவாய்க்கு வந்தது. அவர் யோசிக்கவே இல்லை. ஒற்றை விசில் கொடுத்துவிட்டார்.

மச்சானின் வலது கால் உதைக்க எழும்பியது, பாதியில் நின்றது, கீழே இறங்கித் தரையை அழுத்தி மிதித்தது. பிரேக்கை மிதிப்பதுபோலவே. பந்து அவர் மூக்குக்கு முன்னால் விழுந்து, முட்டியில் பட்டு உருண்டது. நெட்டைக்காலன் அதை மெதுவாகத் தட்டி உள்ளே தள்ளினான். அவனுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மைதானத்தைச் சுற்றி வாயில் விரலை வைத்து விசிலடிக்கிறவர்களும் பீப்பீ ஊதுகிற பிள்ளைகளுமாக ஒரே இரைச்சல். அதில் ஒன்று கூடுதலாக வந்ததை யாரும் கவனிக்கவில்லை. ரெஃப்ரிகூடக் கவனிக்கவில்லை. அவர் தன் விசிலை ஊதிக் கோல் என்றார். கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது.

திரும்பி வரும்போது டிப்போ வண்டியில் எல்லாரும் உட்கார விரும்பாதவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் கடைசி இருக்கையில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். கடைசியில் மெக்கானிக் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"என்னண்ணே, பந்தை மேல போட்டுட்டு அப்படியே நின்னுட்டீங்க. பஸ் ஸ்டாப் வந்துடுச்சுன்னு நெனச்சீங்களா?"

ரைட்டுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. விசிலைத்தான் விழுங்கிவிட்டோமோ என்று பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கால் நின்னுடுச்சுப்பா" என்றார் மச்சான்.

ரைட்டு கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தார். தோற்ற அணியின் ரசிகனுக்கு யோசிக்க எவ்வளவோ இருக்கிறது. ஜெயித்தவனுக்கு ஒரு காரணம் போதும். தோற்றவன்தான் ஆட்டத்தை முதலிலிருந்து திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் பாதியில் இதே மெக்கானிக் காலியான கோலுக்கு முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அனுப்பினாரே, அது ஒரு காரணம். வெயில் நம் ஆட்கள் கண்ணில் அடித்தது, அது ஒரு காரணம். டயர் பிரிவு அண்ணன் இடைவேளையில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் குடம் மாதிரித் தளும்பிக்கொண்டு ஓடினார். ரெஃப்ரி ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்தார். அப்படியானால் அதுவரை சரியாகத் தெரியவில்லை என்றுதானே அர்த்தம். இப்படி ஒவ்வொரு காரணத்துக்கும் தோல்வியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு கொடுத்துக்கொண்டே வந்தார். விசிலுக்கு மிச்சம் விழுகிற பங்கு சின்னதாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் எத்தனை முறை பங்கு போட்டாலும், கடைசியில் பந்து மச்சானின் முட்டியில் பட்டு உருள்வது மட்டும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

வீட்டில் மனைவிக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. இரண்டு பேருக்கும் தட்டு வைத்துவிட்டு, கையில் கரண்டியோடு நின்றார்.

"ஊரே என் அண்ணனைச் சொல்லிச் சிரிக்குதாமே. நீங்க கோலுக்குப் பின்னாடிதானே நின்னீங்க. என்னதான் நடந்துச்சு?"

"ஒரே கூட்டமா இருந்துச்சு."

"கோலுக்குப் பின்னாடி என்னங்க கூட்டம்? பஸ்ஸா அது?"

"அப்பா ஒரு உருளைக்கிழங்கை மூணா வெட்டி, மூணையும் தின்னாம வெச்சிருக்காங்க" என்றாள் பள்ளிக்கூடம் போகும் மகள். அவளுக்கு எதிலும் கண் இருக்கும்.

மச்சான் தட்டைத் தொடவே இல்லை. "யாரும் யாரையும் சொல்ல வேண்டாம். என் கால்தான்" என்றார். "உதைக்கணும்னுதான் தூக்கினேன். அது பாட்டுக்குக் கீழ போய் அமுங்குது. நான் சொல்லவே இல்ல, மாப்ள. கால் என் பேச்சைக் கேக்கல."

"வழுக்கியிருக்கும்ணே" என்றார் மனைவி.

"வழுக்கினா எனக்குத் தெரியாதா? இன்னைக்குப் பந்து, போகட்டும். நாளைக்கு வண்டியில இப்படி ஆச்சுன்னா? ஆக்ஸிலேட்டர்ல வைன்னு நான் சொல்ல, அது பிரேக்ல போய் வெச்சா? உள்ள எத்தனை பேர் நிக்கிறாங்க." சற்று நேரம் தன் வலது காலையே பார்த்தார். யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. "நாளைக்கு ஒரு நாள் ஓட்டறேன். சாயங்காலம் டைம் கீப்பர்கிட்ட சொல்லிட்டு ஸ்டோர்ல உக்காந்துக்கறேன். நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்கற வேலைக்குக் கால் வேண்டியதில்ல."

தோல்வியைத்தான் ரைட்டு இதுவரை பங்கு போட்டுக்கொண்டிருந்தார். மச்சானின் பிழைப்பே பங்குக்கு வரும் என்று அவர் நினைக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"அண்ணன் மனசை இப்படி நோகடிச்சவன் எவனா இருந்தாலும் சரி" என்றார் மனைவி, கரண்டியை ஓங்கிப் பாத்திரத்தில் வைத்து. "இந்த வீட்டுல அவனுக்கு ஒரு வாய்த் தண்ணி கெடையாது."

ரைட்டு வாயை மூடிக்கொண்டார். பிறகு, திறந்த வாய்க்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக, "எனக்குக் கொஞ்சம் தண்ணி" என்றார்.

மறுநாள் காலையில் அவர் விசிலை வாயில் வைக்கவில்லை. எடுக்கவே பயமாக இருந்தது. ஆள் ஏறினால் "போலாம்" என்றார், ஆள் இறங்க வேண்டுமென்றால் வண்டியின் பக்கத்தைத் தட்டினார். தட்டுவது முன்னால் கேட்டது பாதி, கேட்காதது பாதி. இறங்க வேண்டியவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.

"என்னய்யா, விசிலை அடகு வெச்சுட்டியா?" என்று கேட்டார் தினமும் வரும் பென்ஷன் பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், வேலைக்குப் போன நேரத்தில் வேலைக்குப் போன பஸ்ஸில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவர் அவர்.

மச்சான் வண்டியை ஊர்வலம் போவதுபோல ஓட்டினார். ஒவ்வொரு முறை காலை மாற்றும்போதும் குனிந்து பார்த்துக்கொண்டார். ஏறுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. "டிரைவரே, பந்தை விட்ட மாதிரி ஸ்டீயரிங்கை விட்டுடாதீங்க" என்றான் ஒரு கல்லூரிப் பையன். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். மச்சானும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்ணாடியில் பார்த்த ரைட்டுக்கு, யாராவது தன் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டால் தேவலாம் என்று இருந்தது.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் வண்டி கிளம்பிவிட்டது. அப்போது தையல்கடை அக்கா, தோளில் துணி மூட்டையோடு, "நில்லு, நில்லு" என்று கத்தியபடி ஓடி வந்தார். ரைட்டு அவரைப் பார்த்தார். அவ்வளவுதான். விசில் எப்போது பையிலிருந்து வாய்க்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. ஒற்றை விசில். வண்டி ஆணி அடித்ததுபோல நின்றது. நின்றிருந்தவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிமிர்ந்தார்கள். தையல்கடை அக்கா மூச்சு வாங்க ஏறி, "நீ நல்லா இருப்ப" என்றார்.

"பாத்தியா, மாப்ள" என்றார் மச்சான் முன்னாலிருந்து, திரும்பாமலே. "பிரேக் மட்டும் நான் நெனைக்கறதுக்கு முன்னாடியே விழுது. இதுதான் நேத்தும் ஆச்சு."

ரைட்டு பையை அக்குளில் இறுக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"மச்சான், நேத்தும் நான்தான் விசில் அடிச்சேன்."

"எப்ப?"

"நீங்க பந்தை மேல போட்டப்ப. அந்த நெட்டைக்காலன் பின்னாடி ஓடி வந்தான். யாரோ வண்டி ஏற ஓடி வர்றாங்கன்னு வாய் தானா ஊதிடுச்சு. ஒத்தை விசில்."

மச்சான் இஞ்சினை நிறுத்தினார்.

"எனக்கு விசில் எதுவும் கேக்கலையே."

"உங்களுக்குக் கேக்கல. உங்க காலுக்குக் கேட்டுச்சு."

மச்சான் அவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தோளில் கையை வைத்தார். "நீ நல்லவன், மாப்ள. எனக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கற. ஆனா பொய் சொல்லி என்னை வண்டி ஓட்ட வைக்காத."

ரைட்டு இதை எதிர்பார்க்கவில்லை. திட்டு விழும் என்று நினைத்தார், அடிகூட விழலாம் என்று நினைத்தார். நல்லவன் என்று பெயர் வாங்குவோம் என்று நினைக்கவே இல்லை. "ஐயோ, நான் நல்லவன் இல்ல, மச்சான்" என்று கெஞ்ச ஆரம்பித்தார். "சத்தியமா நான்தான் கெடுத்தேன்."

"இவரு பொய் சொல்ற மாதிரி தெரியலையே" என்றார் தையல்கடை அக்கா. "பொய் சொல்றவங்க இவ்வளவு வேர்க்க மாட்டாங்க."

"சொந்தக்காரனைக் காப்பாத்த எவனும் சொல்லுவான்" என்றான் கல்லூரிப் பையன்.

"ஏம்ப்பா, இதுக்கு எதுக்குச் சண்டை" என்றார் பென்ஷன் பெரியவர். "பந்து இருக்கு, காலு இருக்கு, விசில் இருக்கு. டிப்போவுல போய் உதைச்சுப் பாத்துட வேண்டியதுதானே. முதல்ல வண்டியை எடுங்க, வீட்டுல என்னைத் தேடுவாங்க."

வண்டியை எடுக்க மச்சான் சாவியைத் திருப்பினார். ஆனால் வண்டி நகரவில்லை. எல்லாரும் ரைட்டுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இரட்டை விசில் கொடுத்தார். வண்டி கிளம்பியது.

மத்தியானம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் டிப்போ முற்றத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பென்ஷன் பெரியவரும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தார். டைம் கீப்பர் தேநீர்க் கோப்பையோடு படியில் நின்றார். மெக்கானிக் கிரீஸ் கையோடு பந்தை எடுத்து வந்ததில் பந்து பாதி கறுப்பாக இருந்தது.

"ரைட்டு எங்கயாவது ஒளிஞ்சுக்கட்டும்" என்றார் டைம் கீப்பர். "எப்ப அடிப்பான்னு இவருக்குத் தெரியக் கூடாது."

ரைட்டு நின்றிருந்த ஒரு வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டார். மச்சான் பந்தை மேலே போட்டு உதைத்தார். சுவரில் போய் இடித்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவதும் பிசகில்லை.

"பாருங்க, இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு. அதுதான் எனக்குப் பயமே. எப்ப நிக்கும்னு தெரியல" என்று சொல்லிக்கொண்டே மச்சான் அடுத்த பந்தை மேலே போட்டார்.

ஒற்றை விசில்.

கால் பாதியில் நின்றது. இறங்கியது. தரையை அழுத்தி மிதித்தது. பந்து மூக்குக்கு முன்னால் விழுந்து முட்டியில் பட்டு உருண்டது. நேற்று நடந்ததுபோல அச்சு அசல். மச்சான் குனிந்து தன் காலைப் பார்த்தார். இத்தனை நாள் இந்தக் காலுக்கு மரியாதை கொடுக்காமல் இருந்துவிட்டோமே என்பதுபோல மற்றவர்களும் அதையே பார்த்தார்கள். முதலில் மெக்கானிக்தான் சிரித்தார். சிரித்த வேகத்தில் கிரீஸ் கையை முகத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை" என்றார் மச்சான். குரலே மாறியிருந்தது. "இந்தத் தடவை நான் நிறுத்த மாட்டேன். பாத்துடலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு பந்தைப் போட்டார். ஒற்றை விசில். கால் தரையைத்தான் மிதித்தது.

"ரெட்டை அடிச்சுப் பாரேன், ரைட்டு" என்று கத்தினார் டைம் கீப்பர்.

ரைட்டு இரட்டை விசில் கொடுத்தார். அன்றைக்குப் போன உதை எந்த ஆட்டத்திலும் போகவில்லை. பந்து பணிமனைக் கூரையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் கிளம்பத் தயாராக நின்றிருந்த வேறொரு வண்டி தானாகக் கிளம்பியது. அதன் டிரைவருக்கும் இரட்டை விசில் கேட்டிருந்தது. அதன் கண்டக்டர் தேநீரோடு இங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "டேய், என்னை விட்டுட்டுப் போறான்டா" என்று கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் ஓடினார்.

ஒரு ஆள் வண்டிக்குப் பின்னால் ஓடுகிறார். ரைட்டுவால் சும்மா இருக்க முடியுமா. ஒற்றை விசில் கொடுத்தார். வாசலில் அந்த வண்டி நின்றது. உள்ளே வந்துகொண்டிருந்த இன்னொரு வண்டியும் நின்றது. மச்சானின் கால், பந்தே இல்லாத இடத்தில், இன்னொரு முறை தரையை மிதித்தது.

மச்சான் முற்றத்து நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்கிட்ட எதுவும் கெட்டுப் போகலடா" என்று முட்டியைத் தட்டித் தட்டிச் சொன்னார். "சொன்ன பேச்சைக் கேக்குது. என் பேச்சை இல்ல, இவன் பேச்சை." பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. "அப்ப கப்பைக் கெடுத்தது நீயா?"

ரைட்டு வண்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. மெக்கானிக் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். சட்டைக் கையில் ஐந்து விரலும் கிரீஸில் பதிந்தது. ஆளாளுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். இனி மைதானத்துக்கே வரக்கூடாது என்றார் ஒருவர். வரலாம், மூன்று வேளையும் டீ இவர் வாங்கித் தர வேண்டும் என்றார் இன்னொருவர். எதிரணிக் கோலுக்குப் பின்னால் நிற்க வைக்கலாம் என்று பென்ஷன் பெரியவர் யோசனை சொன்னார்.

"அவங்க கோல்கீப்பர் மீட்டர் பாக்கறவருங்க, தாத்தா. அவருக்கு விசில் எல்லாம் புரியாது" என்றார் மெக்கானிக்.

"ஏன் நேத்தே சொல்லல?" என்று கேட்டார் மச்சான்.

"உங்க தங்கச்சி கையில கரண்டி இருந்துச்சு, மச்சான்."

மச்சான் அதை ஒத்துக்கொண்டார். அது சரியான காரணம்தான்.

சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குள் நுழைந்தார்கள். மச்சான்தான் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது காலை மிதித்தும் காட்டினார். மனைவி அண்ணனின் தட்டை நிறைத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். ரைட்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே என்கிட்ட தண்ணி வேற கேட்டீங்க."

"தாகமா இருந்துச்சு."

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினார். கரண்டி இல்லாத கை. அதைப் பார்த்துத்தான் ரைட்டுக்கு உயிர் வந்தது. "அந்த விசிலை இங்க குடுங்க. வாரத்துல ஆறு நாள் உங்களுக்கு. ஞாயித்துக்கிழமை எனக்கு."

"நானும் ஊதலாமா?" என்றாள் மகள்.

"மாமா மாடிப்படி எறங்கும்போது மட்டும் ஊதாத" என்றார் மச்சான் சாப்பிட்டுக்கொண்டே.

அடுத்த ஞாயிறு பயிற்சி ஆட்டம். டைம் கீப்பரின் அலமாரி மேல்தட்டு இன்னும் காலியாகத்தான் இருந்தது. அதில் எதையும் வைக்க வேண்டாம், அடுத்த வருஷம் வரை அப்படியே இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். ரைட்டு வழக்கம்போலக் கோலுக்குப் பின்னால் வந்து நின்றார். வாயோரம் வெறுமையாக இருந்தது. பல் விழுந்தவர்போல அங்கே நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மச்சான் ஒரு பந்தைப் பிடித்தார். மேலே போடுவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாராவது ஓடி வருகிறார்களா என்று அல்ல, ரைட்டுவைத்தான் பார்த்தார். ரைட்டு இரண்டு கையையும் விரித்து, ஒன்றும் இல்லை என்று காட்டினார். மச்சான் அப்படியே நின்றார்.

"என்ன, மச்சான்?"

"நீ சொல்லாம எப்படிடா எடுக்கறது."

ரைட்டு முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஓடி வருகிறவர் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தி, மச்சானுக்கும் அவர் காலுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, "போலாம், ரைட்" என்றார்.